வீட்டுப் பட்டறைக்கு லேத் வாங்கியபோது: கோவையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் கம்பெனிகளில் முப்பது, நாற்பது வருடம் லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ஓய்வு பெற்ற பிறகும் கை வேலை கேட்கும். வீட்டுப் பின்பக்கம் ஒரு ஷெட் இருந்துவிட்டால், சொந்தமாக நாலு மெஷின் போட்டுப் பிடித்த வேலையைப் பிடித்த நேரத்தில் செய்யலாமே என்று தோன்றும். அப்படித் தோன்றிய ஒருவர் ஏறக்குறைய ஒரு வருடத்தில் என்னென்ன வாங்கினார், எங்கே சிக்கல் வந்தது, அதை எப்படித் தீர்த்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன். அவரும் அவர் மகளும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர், தெரு, கடை எதையும் குறிப்பிடவில்லை.

பெரியவர் அறுபதைத் தாண்டியவர். பம்ப் தயாரிக்கும் இடத்தில் டர்னராக இருந்தவர். மகள் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறார். பட்டறைக்கான பணத்தில் பாதி மகளுடையது. ஒவ்வொரு பில்லையும் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதி வைத்ததும் அவர்தான். அந்த நோட்டு இல்லாவிட்டால் இவ்வளவு விவரமாக எழுத வழியில்லை. நான் மின் பராமரிப்பு வேலை பார்ப்பவன். வாங்கிய கம்ப்ரசர் ஓட மறுக்கிறது என்று கூப்பிட்டபோதுதான் இதற்குள் வந்தேன்.

ஷெட் பத்தடிக்குப் பதினாலடி. மேலே தகரம், கீழே செங்கல் ஜல்லி மேல் சிமென்ட் பூச்சு. மீட்டர் போர்டு வீட்டு வாசல் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஷெட் வரை வயர் ஓடும் தூரம் 28 மீட்டர். பல வருடங்களுக்கு முன் ஒரு டியூப்லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் இழுத்த லைன் அது.

வியாபார எண்ணம் அவருக்கு இல்லை. வெட் கிரைண்டருக்குப் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) போடுவது, பித்தளையில் சின்னச் சின்ன உருப்படி கடைவது, கையால் செய்த வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்றை முடிப்பது, இவ்வளவுதான் ஆசை. ஆசை சிறியதாக இருந்தாலும் லேத் சிறிய சாமான் இல்லை. வீட்டுப் பட்டறையில் மெஷினைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும், கரண்ட் லைனும் தரையும் அளவுக் கருவிகளும் அதற்கு முன்னால் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வீட்டில் அந்த வரிசை பாதி தலைகீழாகவும் பாதி சரியாகவும் நடந்தது. அதனால்தான் இரண்டின் பலனையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிறது.

முதலில் வாங்கியவை

பண்டிகைச் சலுகையில் ஒரு பெட்டி வந்தது. நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், 10 மி.மீ. டிரில் மெஷின், டிரில் பிட்டுகள், கட்டிங் டிஸ்க்குகள், ஒரு ஜோடி துணிக் கையுறை, மரம் அறுக்க என்று சொல்லி ஒரு பல் பிளேடு. எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள். அடுத்த மாதம் ஆறு இஞ்ச் பெஞ்ச் கிரைண்டரும், 2 ஹெச்.பி. கம்ப்ரசரும் வாங்கினார்கள்.

பெட்டியைப் பிரித்த அன்றே பெரியவர் அந்தப் பல் பிளேடைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். காரணத்தை மகளின் நோட்டில் எழுதச் சொன்னார். அது சரியான காரணம்தான். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். 100 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 57 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக் கணக்கில் சொன்னால் 200 கிலோமீட்டருக்கு மேல். தேய்த்து அறுக்கும் டிஸ்க் மரத்தில் மாட்டினால் சூடாகி நிற்கும். பல் உள்ள பிளேடு மரத்தைக் கவ்விக்கொண்டு மெஷினையே ஆள் மேல் எறியும். ஆங்கிள் கிரைண்டரில் அதைத் தடுக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. நம் ஊரில் கதவு, ஜன்னல் வேலை நடக்கும் இடங்களில் இதைச் சர்வ சாதாரணமாக மாட்டி ஓட்டுகிறார்கள் என்பதற்காக அது பாதுகாப்பாகிவிடாது.

கட்டிங் டிஸ்க்குகளில் இன்னொரு விஷயம் பார்த்தார். நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். ரெசின் வைத்து ஒட்டிய டிஸ்க் நாளாக நாளாக ஈரம் குடித்துப் பலம் இழக்கும் என்பதால் போடும் காலாவதித் தேதி அது. பெட்டியில் வந்தவற்றில் பாதி டிஸ்க்குகளுக்குத் தேதி முடிய சில மாதங்களே இருந்தன. சலுகை விலைக்கு ஒரு காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

பெஞ்ச் கிரைண்டரில் குறை ஒன்றும் இல்லை. கல்லை மாட்டுவதற்கு முன் மரக்கட்டையால் லேசாகத் தட்டி ஓசை கேட்டார். விரிசல் விட்ட கல் கணீரென்று ஒலிக்காது. சாமான் வைக்கும் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகாமல் வைத்தார். முதல் ஓட்டத்தில் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். முப்பது வருடப் பழக்கம்; அதில் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கம்ப்ரசர் திணறியது

கம்ப்ரசர் முதல் வாரம் ஓடியது. அப்புறம் மாலை நேரங்களில் ஸ்விட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நின்றது. சில சமயம் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்தது. ஷெட் லைட் மங்கியது. ஒருநாள் மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் உப்பிப்போனது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். புது கெப்பாசிட்டரும் சில வாரங்களில் போனது. மெஷின் மட்டம் என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்கும் நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பார்த்தது இது. மாலையில் மீட்டர் போர்டில் 214 வோல்ட். ஷெட் பிளக்கிலும் சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட அதே அளவு. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் மீட்டர் போர்டில் 203க்கு இறங்கியது; ஷெட்டிலோ 168க்கு விழுந்தது. நடுவில் காணாமல் போகும் 35 வோல்ட்டும் அந்த 28 மீட்டர் வயரில்தான் கரைகிறது.

கணக்குப் போட்டால் பொருந்தியது. பழைய லைன் 1.5 சதுர மி.மீ. செம்பு. அந்தக் கனத்துக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம் தடை. போக வர 56 மீட்டர் என்றால் 0.68 ஓம். 2 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். 50 ஆம்பியருக்கு 34 வோல்ட் போய்விடும். மோட்டாரின் திருப்பு விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் 230க்குப் பதில் 168 கிடைத்தால் பாதி விசைதான் மிஞ்சும். டேங்கில் காற்று மிச்சமிருந்தால் பிஸ்டனைத் தள்ள அது போதாது. மோட்டார் வேகம் எடுக்காததால் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் லைனிலிருந்து விலகாமல் சூடாகி உப்பியது. கம்ப்ரசர் மேல் தவறே இல்லை.

லைனைச் சோதிக்கும்போது அதைவிட மோசமான ஒன்று தெரிந்தது. ஷெட்டில் இருந்த மூணு பின் பிளக்கில் எர்த் பின்னுக்குப் பின்னால் வயரே இல்லை. ஃபேனுக்கும் லைட்டுக்கும் இரண்டு வயர் போதும் என்று அன்றைக்கு விட்டிருக்கிறார்கள். அதே பிளக்கில்தான் இரும்பு உடம்புள்ள பெஞ்ச் கிரைண்டரையும் இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறார்கள். கம்ப்ரசர் பிரச்சினை பணத்தோடு போயிருக்கும். இது ஆளையே கொண்டுபோயிருக்கும். மெஷின் வாங்கும் யாராக இருந்தாலும், அதை மாட்டப்போகும் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் ஓரளவு தெரிந்துவிடும். முழுமையாகத் தெரிய எர்த் தடையை அளக்க வேண்டும்.

லைனை மாற்றிய முடிவு

இரண்டு யோசனைகள் இருந்தன. ஸ்டெபிலைசர் வாங்குவது ஒன்று. மகளுக்கு யாரோ சொன்னது. லைனே மெலிதாக இருக்கும்போது ஷெட்டில் ஸ்டெபிலைசர் வைத்தால் அது அதே லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும், வயர் இன்னும் சூடாகும். அதைத் தவிர்த்தோம். லைனையே புதிதாக இழுப்பதென்று முடிவானது.

மின்வாரியத்தில் மின்சுமையை உயர்த்த விண்ணப்பித்து, அது முடிந்த பிறகு, உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து 6 சதுர மி.மீ. லைன் போட்டார்கள். எர்த்துக்குத் தனிப் பச்சை வயர், எர்த் குழியிலிருந்தே. ஷெட்டுக்குள் ஒரு சின்ன போர்டு: லைட்டுக்குத் தனி, பிளக்குகளுக்குத் தனி, கம்ப்ரசருக்குத் தனி, பின்னால் வரப்போகும் லேத்துக்கு ஒரு காலி இடம். பிளக்குகளுக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே அணையும் ஸ்விட்ச்). கம்ப்ரசருக்கு 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. வீட்டில் பொதுவாக இருக்கும் பி வகை, அதன் அளவைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்ட் வந்தாலே உடனே விழுந்துவிடும். சி வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை தாங்கும். மோட்டார் கிளம்பும் இழுப்புக்கு அது வேண்டும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று 16 இருந்த இடத்தில் 32 மாட்டுவது வேறு விஷயம். மெலிந்த வயரில் அப்படி மாட்டினால் எம்.சி.பி. விழாமல் வயர் பற்றிக்கொள்ளும்.

புது லைனில் 56 மீட்டருக்கும் தடை 0.17 ஓம்தான். அதே மாலை நேரத்தில் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது ஷெட்டில் 190க்குக் கீழே இறங்கவில்லை. திணறாமல் கிளம்பியது. செலவு 11,000 ரூபாய். கெப்பாசிட்டர் அதன்பின் போகவில்லை.

லேத் தேடல்

புதிய லேத் வாங்கும் அளவுக்குக் கையில் பணமில்லை. பழையதில் நல்லது பார்க்க வேண்டும் என்று கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி பக்கம் விசாரித்தார்கள். கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. பட்டறைகள் கம்ப்யூட்டர் மெஷினுக்கு மாறும்போதெல்லாம் நாலரை அடி லேத்துகள் வெளியே வந்துகொண்டே இருக்கின்றன.

முதலில் பார்த்தது பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்தது. பெரியவர் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. டூலைச் சுமந்து நகரும் சாடிலை, சாமானைப் பிடித்துச் சுற்றும் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, லேசாக இறுக்கம் வரும்வரை லாக்கை முடுக்கி, அப்படியே எதிர் முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்தினார். பாதி தூரத்தில் சாடில் இறுகி நின்றுவிட்டது. லேத்தில் பெரும்பாலான வேலை சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் சாடில் ஓடும் அடிப்பாகமான பெட் அங்கேதான் தேயும்; தேயாத இடத்துக்குப் போனதும் சாடில் இறுகும். இறுக்கம் அவ்வளவு சீக்கிரம் வந்ததால் தேய்மானம் அதிகம் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது மெஷினில் பெட் நன்றாக இருந்தது. மாற்றுப் பற்சக்கரங்கள் பாதி காணோம். மரை (ஸ்க்ரூவின் திருகு) வெட்டும் வேலைக்கு அவை வேண்டும். இஞ்ச் அளவு லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது சாடிலை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் சக்கரம் ஒன்று அவசியம். தனியாகத் தேடினால் அந்த மெஷினுக்குப் பொருந்துவது கிடைப்பது சிரமம். அதையும் விட்டார்.

மூன்றாவது, ஒரு சின்னப் பட்டறையில் வேலை குறைந்து ஓரமாக நின்றது. பெயின்ட் உரிந்து பார்க்கச் சுமாராக இருந்தது. சாடில் சோதனையில் முக்கால் தூரம் வரை சீராக ஓடிக் கடைசியில் சற்றே இறுகியது. சக்கில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, அடியில் மரக்கட்டை கொடுத்து நெம்பிப் பார்த்ததில் சக் மாட்டிய தண்டான ஸ்பிண்டிலின் ஆட்டம் மிகக் குறைவு. இருபது நிமிடம் ஓடவிட்டு ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் மேல் கை வைத்தார்; வெதுவெதுப்புதான். மெஷினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம், நான் வந்து நானே ஸ்டார்ட் செய்கிறேன் என்று முதல்நாளே சொல்லி வைத்திருந்தார். இதை எல்லோரும் செய்யலாம்.

கடைசியாக, டெயில்ஸ்டாக் இல்லாமல் ஒரு கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்து, 150 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய கட் எடுத்து இரண்டு முனையும் அளந்தார். வித்தியாசம் 0.04 மி.மீ. வீட்டு வேலைக்கு அது தாராளம். விலை 58,000க்கு முடிந்தது. ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் மோட்டாரை நான் பார்க்க வேண்டும் என்று மகள் நிறுத்தி வைத்தார். கம்ப்ரசர் அனுபவம் அவரை அந்த அளவுக்கு உஷாராக்கியிருந்தது.

மோட்டார்

லேத்தில் இருந்தது 1 ஹெச்.பி. மூணு பேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் பேஸ். முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

வீட்டையே மூணு பேஸுக்கு மாற்றுவது ஒன்று. மீட்டர், சர்வீஸ் வயர், வீட்டு போர்டு எல்லாம் மாறும். வீட்டின் மற்ற எதற்கும் அது தேவையில்லை. ஒரு லேத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று விட்டோம்.

விற்பவர் சொன்ன வழி, மோட்டாரைக் கழற்றிவிட்டு சிங்கிள் பேஸ் மோட்டார் மாட்டுவது. மலிவு. நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் லேத்தை ஒரு நாளில் எத்தனையோ முறை நிறுத்திக் கிளப்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டிங் இழுப்பு. மோட்டார் வேகம் எடுத்ததும் கெப்பாசிட்டரை விலக்க உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச் தேய்ந்துகொண்டே வரும். சிங்கிள் பேஸ் மோட்டாரின் விசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்குவதால் மெல்லிய ஃபினிஷ் கட்டில் அதன் அதிர்வு தெரியவும் கூடும். பெரியவருக்கு ஃபினிஷ் முக்கியம்.

மூன்றாவது வழி வி.எஃப்.டி. டிரைவ். சிங்கிள் பேஸ் 230 வோல்ட் வாங்கி, மூணு பேஸ் 230 வோல்ட் கொடுக்கும். இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது, அது தெரியாமல் டிரைவ் வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் மோட்டார்கள் 415 வோல்ட்டுக்குச் சுற்றியவை. சின்ன ஹெச்.பி. மோட்டார்களை வழக்கமாக ஸ்டாரில் (மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து) இணைத்திருப்பார்கள். அதையே டெல்டாவுக்கு (சுருள்களை முக்கோணமாகச் சேர்ப்பது) மாற்றினால் 230 வோல்ட்டில் முழு விசையோடு ஓடும். அதற்கு டெர்மினல் பெட்டிக்குள் ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். மூன்று முனை மட்டும் வந்திருந்தால் ஸ்டார் இணைப்பு சுருளுக்குள் புதைந்திருக்கும். மோட்டாரைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். 415 வோல்ட்டுக்கே டெல்டாவில் சுற்றிய பெரிய மோட்டார் என்றால் இந்த வழியே கிடையாது.

பெட்டியைத் திறந்தோம். ஆறு முனைகள் இருந்தன, அவற்றை இணைக்கும் பட்டைகள் ஸ்டாரில். பிளேட்டில் 415 வோல்ட், 1.8 ஆம்பியர். டெல்டாவில் அது 3.1 ஆம்பியராகும். அதற்கு 0.75 கிலோவாட் டிரைவ் போதும். அதன்பிறகுதான் முன்பணம் கொடுத்தார்கள்.

டிரைவ் செட்டிங்கில் இந்த மெஷினுக்கென்று கவனித்த விஷயங்களில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பழைய லேத்தில் சக் ஸ்பிண்டில் மூக்கில் மரையால் முடுக்கி நிற்கிறது. நேர்ச் சுற்றில் வேலை செய்யும்போது அது இறுகும். சட்டென்று பிரேக் போட்டாலோ ரிவர்ஸில் கிளப்பினாலோ மரை கழன்று சக் தனியே வந்து விழும். பழைய மோட்டார், ஸ்விட்சை அணைத்தால் தானாகச் சுற்றி மெதுவாக நிற்கும். அதில் இந்த ஆபத்து குறைவு. டிரைவில் நிற்கும் நேரத்தை அரை நொடி என்றுகூட வைக்கலாம், அந்த வசதியே இங்கே வினையாகும். எனவே நிற்கும் நேரத்தை ஆறு நொடியாக வைத்து, ரிவர்ஸை செட்டிங்கிலேயே பூட்டிவிட்டோம்.

பழைய டிரம் ஸ்விட்சை (லேத்தைக் கையால் கிளப்பி நிறுத்தும் ஸ்விட்ச்) மோட்டார் வயரிலிருந்து விலக்கிவிட்டோம். டிரைவ் ஓடும்போது அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்விட்ச் திறந்தால் டிரைவ் கெட்டுப்போகும். தனி ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்கள், சிவப்புக் காளான் தலை எமர்ஜென்சி பட்டன். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மெஷின் தானாக ஓடக் கூடாது என்பதைச் செட்டிங்கில் வைத்ததோடு நிறுத்தாமல், மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்தோம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டுவதில்லை என்று பெரியவர் முடிவு செய்தார். ஷாஃப்டில் இருக்கும் விசிறியும் கூடவே மெதுவாகிவிடும் என்பதால் மோட்டார் சூடாகும். மெதுவான கனமான கட்டுக்கு, வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பேக் கியர் இருக்கிறது. டிரைவை மூடிய இரும்புப் பெட்டிக்குள், லேத்தை விட்டுத் தள்ளிச் சுவரில் மாட்டினோம். இரும்புத் தூள் உள்ளே போனால் அது அதோடு முடிந்தது. ஆர்.சி.சி.பி. எந்த வகை வேண்டும் என்பதை டிரைவின் கையேட்டைப் பார்த்துத் தனியாகப் போட்டோம். பிளக்குகளுக்குப் போட்டதோடு சேர்க்கவில்லை.

இறக்கி வைத்ததும் வந்த சந்தேகமும்

தரை வேலை மெஷின் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. பழைய பூச்சை லேத் நிற்கும் இடத்தில் மட்டும் வெட்டி எடுத்து, ஆறு இஞ்ச் கான்கிரீட் போட்டு, போல்ட்டுகளுக்குக் குழி விட்டு, மூன்று வாரம் ஆறவிட்டார்கள். டெயில்ஸ்டாக்கையும் சக்கையும் கழற்றி எடை குறைத்து, கிரேன் வண்டியில் கொண்டுவந்து, வாசலிலிருந்து பைப்புகள் மேல் உருட்டினார்கள். லேத்துக்குத் தலை கனம் அதிகம். பைப் சரிந்தால் சாய்ந்துவிடும். அதனால் ஒருவர் நெம்புவதற்கு, ஒருவர் பைப் மாற்றுவதற்கு, மற்றவர்கள் விலகி நிற்பதற்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

சாதாரண ரசமட்டம் வைத்து லெவல் பார்த்து, போல்ட்டை முடுக்கி, ஓட்டிப் பார்த்தார்கள். அதே கம்பி, அதே 150 மி.மீ. வித்தியாசம் 0.11 மி.மீ. பட்டறையில் 0.04 காட்டிய மெஷின்.

மகள் விற்பவர் மேல் கோபப்பட்டார். உதவிக்கு வந்திருந்த ஒருவர், வண்டியில் வரும்போது ஹெட்ஸ்டாக் விலகியிருக்கும், போல்ட்டைத் தளர்த்தி நேராக்கிவிடலாம் என்றார். இந்த இடத்தில் பெரியவர் எடுத்த முடிவுதான் இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிகவும் பிடித்தது. "ஹெட்ஸ்டாக்கைத் தொட வேண்டாங்க. அது வரும்போது எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும். முதல்ல பெட் முறுக்கிக்கிட்டு இருக்கான்னு பாத்துரலாம்" என்றார். பழைய கம்பெனி நண்பரிடமிருந்து மெஷின் லெவல் ஒன்றைக் கடன் வாங்கி வந்தார். மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டும் கருவி அது. கொத்தனார் ரசமட்டத்தில் அந்தச் சாய்வில் குமிழி அசையவே அசையாது.

பெட்டின் குறுக்கே, சக் பக்கம் ஒரு முறை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு முறை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இல்லை. நாலு காலில் ஒன்று முழுசாக உட்காராத நிலையில் போல்ட்டை முடுக்கியதால், வார்ப்பிரும்புப் பெட் பிழிந்த துணி மாதிரி லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. பெட் முறுக்கினால் டூல் போகப் போக மையத்தை விட்டு விலகும் அல்லது நெருங்கும். அதுதான் டேப்பராக, ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்து, வருகிறது. போல்ட்டைத் தளர்த்தி, காலுக்கடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் குறுக்கு லெவல் பார்த்தார். மறுநாள் காலை திரும்பவும் பார்த்துச் சரிசெய்தார். முடிவில் 0.03 மி.மீ. வந்தது. பழைய பட்டறையில் இருந்ததைவிடவும் நன்றாக.

அன்றைக்கு ஹெட்ஸ்டாக்கை நகர்த்தியிருந்தால், முறுக்கிய பெட்டுக்கு ஏற்ப ஹெட்ஸ்டாக்கையும் கோணலாக்கியிருப்பார்கள். அப்புறம் எது சரி, எது தவறு என்று கண்டுபிடிக்கப் பெரிய பாடுபட வேண்டியிருக்கும்.

அதன் பிறகு

லேத் ஐந்து மாதமாக ஓடுகிறது. அது ஓடத் தொடங்குவதற்குள் விலையான 58,000 தவிர மேலும் 43,000 செலவானது: டிரைவும் பெட்டியும் 12,500, லைன் 11,000, தரை 7,000, கிரேன், கூலி 6,500, டயல் கேஜ், காந்த ஸ்டாண்ட், வெர்னியர் 6,000. மகளின் நோட்டில் முதல் பக்கத்தில் போட்ட பட்ஜெட்டில் இந்த 43,000க்கு இடமே இல்லை. பழைய லேத் வாங்கப் போகிறவர்கள் இந்த அளவுக்காவது ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் விலை பேசப் போக வேண்டும்.

வெட் கிரைண்டர் புஷ்கள் கடைந்தார். வைஸுக்கான சதுர மரை ஸ்க்ரூ வெட்டினார். சில நாள் மகளும் நின்று கற்றுக்கொள்கிறார். அவருக்குப் பெரியவர் போட்ட விதிகள் கடுமையானவை: துப்பட்டா ஷெட் வாசலிலேயே கழற்றி மாட்ட வேண்டும், முடி கொண்டையாக இருக்க வேண்டும், வளையல் கூடாது, கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. சலுகைப் பெட்டியில் வந்த துணிக் கையுறையை லேத் பக்கமே வர விடுவதில்லை. சுற்றும் சக் ஒரு நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சக் சாவியில் ஒரு ஸ்பிரிங் போட்டிருக்கிறார், கையை விட்டால் சாவி தானே வெளியே துள்ளி விழும். சாவியோடு மெஷினைக் கிளப்பவே முடியாது.

கம்ப்ரசருக்கு மட்டும் வேலையே இல்லை. லேத்தைச் சுத்தம் செய்யக் காற்று வேண்டும் என்றுதான் அதை வாங்கினார்கள். ஆனால் காற்று அடித்தால் சீவல் பெட் வழுக்குப் பாதையின் இடுக்குகளுக்குள்ளும் கண்ணுக்குள்ளும்தான் போகும். பெரியவர் பிரஷ்ஷாலும் கொக்கியாலும்தான் எடுக்கிறார், வேலையிடத்திலும் அப்படித்தான் செய்திருக்கிறார். சைக்கிள் டயருக்கும் எப்போதாவது பெயின்ட் அடிக்கவும் கம்ப்ரசர் பயன்படுகிறது. அதன் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் முகம் சுளித்ததால், மாலை ஐந்துக்கு மேல் போடுவதில்லை.

இன்னொரு முறை என்றால்

இருவரிடமும் கேட்டேன். முதலில் லைனும் எர்த்தும், இதில் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மகள், சலுகைப் பெட்டியை வாங்கவே மாட்டேன் என்கிறார். அதில் வந்த டிரில் மெஷினின் சக் ஆடுகிறது, 6 மி.மீ.க்கு மேல் ஓட்டை வட்டமாக விழுவதில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஆங்கிள் கிரைண்டர் மட்டும் வாங்கியிருக்கலாம். கம்ப்ரசரை, தேவை என்று ஒரு வேலை வந்து நின்ற பிறகு வாங்கியிருக்கலாம் என்பதும் அவர் நோட்டில் இருக்கிறது.

பெரியவர் மாற்றுவது வேறு. அளவுக் கருவிகளை லேத் தேடப் போவதற்கு முன்பே வாங்கியிருப்பாராம். முதல் இரண்டு மெஷின்களைப் பார்க்கக் கடன் வாங்கிய டயல் கேஜோடுதான் போனார். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற அவசரம் இருந்தது. மெஷின் லெவலைச் சொந்தமாக வாங்க வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை கடன் வாங்கினால் போதும் என்கிறார். இந்த வருட மழைக்காலம் முடிந்ததும் மறுபடி லெவல் பார்க்க வேண்டும். புதுக் கான்கிரீட் உட்கார்ந்திருக்கலாம்.

நான் மாற்றச் சொல்வது ஷெட்டின் வெளிச்சத்தை. சாதாரண டியூப்லைட் வெளிச்சத்தில், சுற்றும் சக் குறிப்பிட்ட வேகங்களில் நின்றிருப்பது போலவோ மெதுவாகச் சுற்றுவது போலவோ கண்ணுக்குத் தெரியக் கூடும். லேத்துக்கு நேர் மேலே துடிப்பில்லாத டிரைவர் உள்ள எல்.இ.டி. விளக்கு ஒன்றும், டூல் முனைக்குத் தனி விளக்கு ஒன்றும் போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மாட்டியாகிவிட்டது.

பெஞ்ச் டிரில் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். உருளை வேலைக்கு டெயில்ஸ்டாக்கில் டிரில் சக் மாட்டிச் சமாளிக்கிறார். தகடு, கட்டை என்று வரும்போது பக்கத்துப் பட்டறைக்கு எடுத்துப் போகிறார். அப்படிப் போகும் ஒவ்வொரு வேலையையும், ஓட்டையின் அளவோடு மகள் நோட்டில் எழுதி வருகிறார். 13 மி.மீ. போதுமா, அதற்கு மேல் வேண்டுமா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.